மோகனப்பிரியா, பி.இ., முதல் வகுப்பு

தமிழிலேயே சொல்லலாமா சார்? நன்றி சார். ஆங்கிலத்திலும் ஒரு பதில் மனப்பாடம் செய்து வந்திருக்கிறேன். ஆனால் அது வேறு யாருக்கோ நடந்தது மாதிரி இருக்கிறது.

நீங்கள் கேட்டது, படித்த படிப்பை வைத்து நானே கண்டுபிடித்துச் சரிசெய்த ஒரு பழுது. ஒன்று இருக்கிறது. முழுவதும் நானே கண்டுபிடித்தேன் என்று சொல்லலாமா என்றுதான் தெரியவில்லை. அதில் காய்ந்த மிளகாய்க்கும் பங்கு உண்டு. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன் மேடம், அப்புறம் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் ஊர் சேந்தமங்கலம் பக்கம், நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகிற வழி. அப்பா பெயர் சின்னராசு. கல்யாணம், கோயில் விசேஷம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் சீரியல் லைட்டும் ஜெனரேட்டரும் போடுகிறவர். ஒரு பழைய பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். லைட்டு சாமான்கள் அதில் ஏறும். ஜெனரேட்டர் தனியாகச் சக்கரம் வைத்த வண்டி. அதைப் பிக்கப்புக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போவார். அந்தப் பிக்கப்புக்கு ஏறக்குறைய என் வயது. நான் கல்லூரி முடிக்கிற வரைக்கும் அதன் என்ஜின் ஒருநாள்கூடச் சூடேறிக் கொதித்ததில்லை.

கல்லூரி முடித்த வைகாசியில்தான் அப்பா அந்தப் பலகையை மாட்டினார். எங்கள் வகையறாவில் பத்தாவது தாண்டினவர்களே கிடையாது சார். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் சொல்லி, கெட்டித் தகரத்தில் சட்டம் அடித்து, சிவப்பு ரேடியம் எழுத்தில் 'சி. மோகனப்பிரியா, பி.இ.' என்று செய்து வாங்கி வந்தார். வண்டிக்கு முன்னால், பம்பருக்கு மேலே, கிரில் இருக்கிற இடத்தில் நான்கு போல்ட் போட்டு முடுக்கினார். என் பெயர் நீளம். எழுத்து பெரிதாக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அதனால் பலகை இந்தக் கோடி விளக்கிலிருந்து அந்தக் கோடி விளக்கு வரைக்கும் வந்துவிட்டது.

"எதுக்குப்பா இவ்வளவு பெருசா?" என்று கேட்டேன்.

"எதுத்தாப்புல வர்றவன் பூராப் பேரும் படிக்கட்டும் கண்ணு. கண்ணாடி போட மறந்துட்டு வர்றவனும் படிக்கோணுமல்ல."

எனக்குக் கூச்சமாக இருந்தது. வண்டி டீக்கடைப் பக்கம் வந்தாலே, "மோகனப்பிரியா வந்துருச்சு, டீயப் போடு" என்பார்கள். நான் வீட்டில் இருப்பேன், என் பெயர் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். கொதிக்க ஆரம்பித்த பிறகு கேட்டதுதான் தாங்க முடியவில்லை. "மோகனப்பிரியா மறுபடியும் கொதிச்சுருச்சாமா?" "வளைவுல படுத்துருச்சாம்ப்பா, தண்ணி ஊத்தித்தான் எழுப்புனாங்களாம்."

முதன்முதலில் கொதித்தது போன வருடம் ஆடியில். மலை மேல் கருநெல்லிப்பட்டி என்று ஒரு ஊர். ஆடி மாதம் அங்கே அம்மன் ஊர்வலம். அப்பாதான் பல வருடமாக லைட்டு போடுகிறார். அவருக்கு எல்லா வேலையையும்விட அந்த வேலை பெரிது. ஏனென்றால் மலையில் ஒரு கோயிலில் நன்றாகப் போட்டால் பக்கத்து ஊர்க்காரர்களும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கொல்லிமலை ரோடு உங்களுக்குத் தெரிந்திருக்கும், கொண்டை ஊசி வளைவாகவே போகும். பாதிகூட ஏறவில்லை, என்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. நிறுத்தி ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, இரண்டு வளைவு ஏறி, மறுபடி நிறுத்தி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஊர்வலமே முடிந்திருந்தது.

கோயில் தலைவர் சடையப்பன் சத்தம் போடுகிறவர் இல்லை. அதுதான் கஷ்டம். "ஏனுங்க சின்னராசு, அம்மா தீப்பந்த வெளிச்சத்துலயே சுத்தி வந்துட்டா. அடுத்த வருசமும் இப்படீன்னா நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம். கோவிச்சுக்காதீங்க" என்றார். அப்பா தலையை ஆட்டினார். இறங்கி வரும்போது நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், மெக்கானிக்கல் படித்துவிட்டு.

அடுத்த ஆடிக்குள் சரிசெய்ய வேண்டும். அதுதான் சார் பிரச்சனை.

எங்கள் ஊர் மெக்கானிக் வையாபுரி அண்ணனிடம் காட்டினோம். அவர் பானட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே, "ஹெட் கேஸ்கட் போச்சு" என்றார். அவருக்கு எல்லாமே ஹெட் கேஸ்கட்தான். ஒருமுறை என் சித்தப்பாவின் மோட்டார் சைக்கிள் பெட்ரோல் இல்லாமல் நின்றதற்கும் அதையே சொன்னார். கேஸ்கட் போனால் ஆயிலில் தண்ணீர் கலக்கும். நான் பார்த்தேன், ஆயில் வெளுக்கவில்லை. ரேடியேட்டரில் குமிழி வரவில்லை. "கேஸ்கட் நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா" என்றேன். "படிச்ச புள்ள சொல்லுது, அப்ப சரி. ஆனா கேஸ்கட்தான்" என்றார்.

அப்புறம் நான் முறையாக ஆரம்பித்தேன். ஜெனரேட்டர் இல்லாமல் போனால் கொதிப்பதில்லை. சமதரையில் இழுத்தால் முள் பாதிக்கு மேல் போய் அங்கேயே நிற்கும். மேட்டில் இழுத்தால்தான் கொதிக்கும். அதாவது, என்ஜினில் உண்டாகிற சூட்டை வெளியே தள்ள முடியவில்லை. ரேடியேட்டர் மூடியை மாற்றினேன். ஃபேன் பெல்ட்டை இறுக்கினேன். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினோம், டீ நிறத்தில் தண்ணீர் வந்தது. அது ஓடி முடிகிறவரைக்கும் நின்று பார்த்தேன், அவ்வளவு சந்தோஷம். மறுவாரமே கொதித்தது.

அந்தச் சமயம் எனக்கு வேலை எதுவும் கிடைக்கவில்லை மேடம். நேர்காணலுக்குப் போவேன், சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். சாப்பாடு இறங்காது. யாராவது வீட்டுக்கு வந்தால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன். அப்பா வந்து வண்டிச் சாவியை என் கையில் வைப்பார். "இன்னைக்கும் சூடாயிருச்சு கண்ணு. இப்ப எதப் பாக்கலாம்?" என்பார். நான் எழுந்து போவேன். பானட்டுக்குள் தலையை விட்டால் மற்றதெல்லாம் கொஞ்ச நேரம் மறந்துவிடும். அப்பா டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார், பகலிலும். நான் எந்தச் சாமான் கேட்டாலும் ஏன் என்று கேட்காமல் நாமக்கல் போய் வாங்கி வருவார். வண்டி இப்படிக் கொதிக்கிறதே என்று அவர் முகத்தில் ஒரு கவலை இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. நான் ஒருத்திதான் கவலைப்பட்டேன்.

அம்மாவுக்கு வேறு காரணம் தெரியும். அம்மா பெயர் சாந்தாமணி. "அந்தப் பலகைய வெச்சதுல இருந்துதான் இது நடக்குது. ஊர்க்கண்ணு பூரா அதுலதான் விழுகுது" என்றார்.

நான் அம்மாவை உட்காரவைத்து விளக்கினேன். "அம்மா, ஒண்ணுக்குப் பின்னாடி இன்னொண்ணு நடந்தா, மொதல்ல நடந்ததுதான் காரணம்னு ஆயிராது. அது தற்செயல்."

"அப்படியா கண்ணு. பலகை வைக்கறதுக்கு முந்தி கொதிச்சுதா?"

"இல்ல."

"வெச்ச பொறவு?"

"கொதிக்குது. ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா."

"நீ படிச்சவ" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து போனார். போய், எலுமிச்சம்பழமும் காய்ந்த மிளகாயும் கோத்த சரங்களைப் பலகையின் மேல் விளிம்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வரிசையாகத் தொங்கவிட்டார். நடுவில் ஒரு திருஷ்டி பொம்மை, நாக்கை நீட்டிக்கொண்டு. சரங்களில் இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக, பலகைக்கு வெளியே, விளக்கை ஒட்டி இருக்கிற சந்தில் விழுந்தன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் சார், பிறகு தேவைப்படும்.

அடுத்தது தெர்மோஸ்டாட். சூடு ஏறினால் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற வால்வு. அது சரியான சூட்டில் திறக்கிறதா என்று பார்க்க, தண்ணீரில் போட்டுக் காய்ச்ச வேண்டும். அம்மாவின் ரசச் சட்டியில் போட்டேன்.

"என்னத்தடி காச்சற?"

"தெர்மோஸ்டாட்ம்மா."

"வெந்ததும் சொல்லு, தாளிச்சு விடறேன்."

அது கொஞ்சம் தாமதமாகத்தான் திறந்தது. புதிதாக ஒன்று போட்டேன். அன்றைக்கு மலை மேல் ஒரு காதணி விழாவுக்கு லைட்டு. ஜெனரேட்டரை மாட்டிக்கொண்டு ஏறினோம். முள் அசையவில்லை மேடம். கடைசி வளைவு வரை பாதியிலேயே நின்றது. நான் அழுதுவிட்டேன். அப்பா மலை மேல் சோளக்காடு சந்தையில் வண்டியை நிறுத்தி எனக்குப் பலாப்பழம் வாங்கிக் கொடுத்தார். ஊருக்குத் திரும்பியதும் டீக்கடையில் எல்லோரிடமும், "எம் புள்ள கண்டுபுடிச்சுருச்சு. தெர்மோஸ்டாட்டாம்" என்று சொன்னார். அந்த வார்த்தையைச் சொல்ல அவர் வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்திருந்தார்.

இங்கே நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்குப் பலகை வண்டியில் இல்லை. 'முதல் வகுப்பு' என்று சேர்த்து எழுத அப்பா அதைப் பட்டறைக்குக் கொடுத்திருந்தார். நான் ஒரே நாளில் இரண்டு விஷயம் மாறியிருந்ததைக் கவனிக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று இரண்டாம் வருடப் பாடத்திலேயே இருக்கிறது. அதில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

இடம் போதாததால் பட்டறைக்காரர் கீழே இன்னொரு தகரத்தை ஒட்டியிருந்தார். பலகை முன்னைவிட ஒரு சாண் பெரிதாகத் திரும்பி வந்தது. அம்மா சரங்களைப் பழைய இடத்திலேயே கட்டினார், புது மிளகாய் கோத்து. அடுத்த முறை மலையேறினோம். இந்தத் தடவை முன்னைவிடச் சீக்கிரம் கொதித்தது. "முதல் வகுப்பு வாங்குனதும் மோகனப்பிரியாவுக்குச் சூடு எச்சாயிருச்சு" என்றார்கள் டீக்கடையில்.

அப்புறம் நான் வாட்டர் பம்பை மாற்றினேன். அதற்குள் பங்குனி வந்துவிட்டது. ஒரு பயிற்சிக்காகச் சென்னைக்குப் போய்க் கொஞ்ச நாள் தங்கினேன். அந்தச் சமயம் அப்பா இரண்டு தடவை ஜெனரேட்டரோடு மலைக்குப் போயிருக்கிறார், இரண்டு தடவையும் கொதிக்கவில்லை. போனில் கேட்டேன். "கொதிக்கல கண்ணு. வெயில் கம்மி" என்றார். பங்குனியில். நான் திரும்பி வந்து கூடவே போனேன், கொதித்தது. அந்த இரண்டு பயணத்தை மட்டும் என்னால் இன்றுவரை விளக்க முடியவில்லை சார். என் முடிவுக்குள் அது அடங்கவில்லை. நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

ஆடி நெருங்கியது. திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால், ஒத்திகை மாதிரி ஜெனரேட்டரை மாட்டிக்கொண்டு ஏறிப் பார்த்தோம். வழக்கமான இடத்தில் முள் சிவப்புக்குப் போனது. ஓரம் கட்டி, ஜெனரேட்டர் சக்கரத்துக்குக் கல் வைத்தோம். கொதிக்கும்போது உடனே என்ஜினை நிறுத்தக் கூடாது, கொஞ்ச நேரம் ஓடவிட்டால்தான் ஆறும். அப்பா உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டிருந்தார். ஃபேன் இரைந்தது. நான் வண்டிக்கு முன்னால் ரோட்டுச் சுவரில் உட்கார்ந்து என் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் பார்க்க வேறு எதுவும் பாக்கி இல்லை. எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது.

அப்போதுதான் மிளகாயைப் பார்த்தேன்.

இரண்டு ஓரத்துச் சந்திலும் தொங்கின சரங்கள் நேராகத் தொங்கவில்லை. மிளகாய்கள் கிரில்லுக்குள் யாரோ பிடித்து இழுப்பது மாதிரி உள்பக்கம் சாய்ந்து துடித்துக்கொண்டிருந்தன. நடுவில் தொங்கினவை, என் பெயருக்கு மேலே தொங்கினவை, ஆடக்கூட இல்லை. பொம்மையின் நாக்கில் கட்டின சிவப்புத் துணியும் அப்படியே கிடந்தது. ஃபேன் அவ்வளவு வேகமாகக் காற்றை இழுக்கிறது. ஆனால் அந்த இரண்டு சந்து வழியாகத்தான் அதற்குக் காற்று கிடைக்கிறது. ரேடியேட்டரை ஆற்ற நடுவில் வர வேண்டிய காற்று முழுவதையும் நான் மறித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நான் என்றால், பலகை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை சார். காரணம் தெரிந்துவிட்டது, சொல்லத்தான் முடியாது. "அப்பா, நீங்க ஆசையா மாட்டுன என் படிப்புதான் வண்டியக் கெடுக்குது" என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் ஒரு வாரத்தில் கருநெல்லிப்பட்டி போய்விடும். அம்மாவிடமும் சொல்ல முடியாது, "நான் அப்பவே சொன்னேனே" என்பார்.

இரண்டு நாள் யோசித்தேன். பொய்யும் சொல்லக் கூடாது, உண்மையும் அவரைக் குத்தக் கூடாது. கடைசியில் உண்மையிலேயே உண்மையான ஒரு காரணம் கிடைத்தது. காலையில் அப்பா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"அப்பா, எதிர்ல வர்றவங்க நம்ம வண்டியக் கடக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நொடி. ஏங்கண்ணு?"

"அதுக்குள்ள பாதிப் பேருதான் படிக்க முடியும். மோகனன்னு யாரோ ஆம்பளப் பேருன்னு நெனைச்சுட்டுப் போயிருவாங்க. ஆனா மலையில நமக்குப் பின்னால மாட்டிக்கிட்டவங்க முந்தவே முடியாது. அடிவாரத்துல இருந்து உச்சி வரைக்கும் பின்னாலயேதான் வருவாங்க. பலகை ஜெனரேட்டருக்குப் பின்னால இருந்தா அத்தன நேரமும் அதையேதான் படிப்பாங்க."

அப்பா துடைப்பதை நிறுத்தினார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமோ என்று பயந்துவிட்டேன்.

"அட ஆமா. எனக்கு இது தோணவே இல்ல பாரு. படிச்சவ படிச்சவதான்" என்றார்.

சட்டைப் பையிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். அந்தப் போல்ட்டுகளுக்கு அதுதான் சேரும். நல்ல வேளையாக அன்றைக்கு அது அவர் பையிலேயே இருந்திருக்கிறது. ஐந்து நிமிடத்தில் கழற்றிவிட்டார். மாதக்கணக்கில் கழற்றாத போல்ட் முரண்டு பிடிக்கும் என்று நினைத்தேன், எண்ணெய் விட்ட மாதிரி சுலபமாக வந்தது. ஜெனரேட்டர் வண்டியின் பின்பக்கத்தில் துளை போட வேண்டுமே என்று டிரில்லிங் மெஷினைத் தேடினேன். தேவைப்படவில்லை மேடம். அங்கே ஏற்கெனவே நான்கு துளை இருந்தது. முன்பு ஏதோ மாட்டியிருந்திருப்பார்கள் போல. பலகையைத் தூக்கி வைத்தால் நான்கும் அச்சாகப் பொருந்தின. எனக்கு வாழ்க்கையில் இப்படி அதிர்ஷ்டம் அமைந்ததே இல்லை.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, கழட்டிட்டீங்களா? அவ சொன்னாளா?" என்றார். அப்பா, "அவளேதான் சொன்னா" என்றார். இரண்டு பேரும் ஏன் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான், காரணம் இல்லாமல் சிரித்துக்கொள்வார்கள்.

திருவிழாவுக்கு ஏறினோம். நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை, முள்ளைத்தான் பார்த்தேன். அது பாதியைத் தாண்டவில்லை. பின்னால் ஒரு பஸ் மாட்டிக்கொண்டது, அதற்குப் பின்னால் ஐந்தாறு கார். ஒரு வளைவில் பஸ் டிரைவர் தலையை நீட்டி, "மோகனப்பிரியாங்களா, கொஞ்சம் வழி விடறீங்களா? முதல் வகுப்பெல்லாம் படிச்சாச்சு" என்று கத்தினார். அப்பா சந்தோஷத்தில் அவருக்கு வழியே விடவில்லை.

வெயில் இறங்குவதற்கு முன்னாலேயே சேர்ந்துவிட்டோம். தேரடியில் இன்னும் தோரணமே கட்டவில்லை. சடையப்பன் வந்து பார்த்தார். "என்னங்க, அம்மாவே இன்னும் கெளம்பல, அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க" என்றார். அப்புறம் ஜெனரேட்டருக்குப் பின்னால் போய், பலகையை எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தார். "இதாரு?" என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டினார். இரவு அம்மன் புறப்பட்டபோது முதல் சுவிட்சை என்னைப் போடச் சொன்னார்கள். அடுத்த வருடத்துக்கும் அப்பாதான் என்று அங்கேயே தாம்பூலம் வைத்துச் சொல்லிவிட்டார்கள்.

இவ்வளவுதான் சார். நீளமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும்.

இல்லை மேடம், அப்பாவுக்கு உண்மையான காரணம் இன்னும் தெரியாது. நான் சொல்லவில்லை. தெரிந்தால் மனசு உடைந்துவிடும், ரொம்ப ஆசையாகச் செய்தது. கண்டுபிடிக்கவும் அவருக்கு வழியில்லை, அதற்கெல்லாம் கொஞ்சம் படித்திருக்க வேண்டும். ஒரு பொறியாளர் எப்போது சொல்ல வேண்டும், எப்போது சொல்லக் கூடாது என்பதையும் இதில்தான் கற்றுக்கொண்டேன்.

ஆமாம் சார், இன்றைக்கு அவர்தான் கூட்டி வந்தார். பல்லடத்தில் சாயங்காலம் ஒரு கல்யாண வேலை, அதனால் ஜெனரேட்டரோடு வந்திருக்கிறோம். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரியும், கேட்டுக்கு எதிரில் நிற்கிற வெள்ளை வண்டி.

பலகை மாட்டின பின்பக்கம்தான் இந்தப் பக்கம் இருக்கிறது. அவர் எப்போதும் அப்படி நிறுத்த மாட்டார். ஜெனரேட்டரை மாட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பது அவ்வளவு சிரமம், காலையில் அரைமணி நேரம் முன்னும் பின்னும் எடுத்து ஒடித்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன்கூடத் திட்டினார். ஏன்ப்பா என்று கேட்டேன், நிழலுக்கு என்றார்.

அங்கே மரம் எதுவும் இல்லைதான் மேடம். எனக்கும் அது புரியவில்லை.